க்ளெம் ப்ரோபர்ட் துப்பாக்கி தேர்ந்தெடுத்த நாள்

க்ளெம் ப்ரோபர்ட் போன மார்ச் மாதம் இறந்துபோனார். நிமோனியா. எழுபத்துமூன்று வயது. பள்ளிப் பேருந்து ஓட்டியதையும், படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியைப் பார்த்துக்கொண்டதையும் அடக்கத்தன்று பாதிரியார் சொன்னார். துப்பாக்கி விஷயத்தை அவர் தொடவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அது நடந்த இடத்தில் நானும் இருந்தவள்தான், அதனால் எழுதிவைக்கிறேன்.

நான் வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். க்ளெமின் மனைவி யூனிஸுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். கால் போயிற்று, பிறகு கை, கடைசியில் விழுங்கும் சக்தி. புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும், விரிப்பை ஆளோடு சேர்த்து மாற்றுவதையும் க்ளெமுக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். பெரும்பாலான கணவர்களுக்கு நாலு தடவை காட்ட வேண்டும். அவருக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது. பேச்சு குறைவு. ஹோப்லியில் இருந்து மலைப்பாதையில் அத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர், பனியில்கூட ஒரு நாளும் பள்ளத்தில் இறக்கியதில்லை. அதைப் பற்றியும் பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அவருக்கு விடுதலை. நான் யூனிஸோடு இருப்பேன். அவர் டென்ஸில் க்வில்லியமின் பண்ணைக்குப் போவார். டென்ஸிலுக்குக் கீழ்க்காட்டோரம் ஒரு சரிவு நிலம் இருக்கிறது. எதற்கும் உதவாத நிலம். அங்கே பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடுவார்கள். உள்ளங்கை அகல ஆரஞ்சு நிறத் தட்டு. களிமண் தட்டு என்று பெயர், உண்மையில் தாரும் சுண்ணாம்பும் கலந்து செய்தது. இயந்திரம் அதை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக வீசும்: ஒன்று முயல்போலத் தரையோடு உருளும், ஒன்று தலைக்குப் பின்னாலிருந்து வாத்துபோலக் கிளம்பும். பின்னால் நிற்கும் ஒருவர், பட்டால் "உடைஞ்சது" என்பார், படாவிட்டால் "தப்பிச்சது" என்பார். அவர் சொல்வதுதான் கணக்கு. எங்கள் ஊரில் அந்த வேலை ஐவர் பெட்டோஸுடையது. நானும் ஐவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் சின்ன வயதிலேயே முழங்கால் வலியுள்ளவன், அதனால் உட்கார்ந்து செய்கிற வேலைகளெல்லாம் அவனிடம் வந்து சேர்ந்தன.

யூனிஸ் போன பிறகு ஞாயிறு மட்டும்தான் க்ளெமுக்கு வாரத்தில் ஒரு நாளாக இருந்தது. மற்ற ஆறும் வெறுமனே கழிந்தன. நான் வேலை என்று போவது நின்றுவிட்டாலும், வியாழக்கிழமைகளில் எட்டிப் பார்ப்பேன். ஒரு வியாழன், தேநீர் ஊற்றும்போது கப்பின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார். கேட்டேன். வலது கண்ணின் நடுவில் ஒரு அழுக்குப் புள்ளி, துடைத்தாலும் போகமாட்டேன் என்கிறது என்றார். ஓரத்தில் எல்லாம் தெரிகிறதாம். நேராகப் பார்த்தால்தான் பார்க்கிற பொருள் மறைந்துவிடுகிறதாம்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். விழித்திரையின் நடுப்பகுதி வறண்டு தேய்கிற நோய். மருந்து கிடையாது. இடது கண் இப்போதைக்குப் பரவாயில்லை என்றார்கள். அந்த "இப்போதைக்கு" எனக்குக் கேட்டது. க்ளெமுக்குக் கேட்டதா தெரியவில்லை.

வலது தோளில் வைத்துச் சுடுகிறவர் வலது கண்ணால்தான் குழலின் மேல் பார்க்க வேண்டும். அந்தக் கண் போனால் இரண்டே வழி: விட்டுவிடலாம், அல்லது இடது தோளுக்கு மாறலாம். துப்பாக்கிக் கடை வைத்திருந்த ரோலண்ட் யாப் மாறச் சொன்னார். வாடிக்கையாளர் எல்லாரையும் "கண்ணு" என்று கூப்பிடுகிற ஆள். க்ளெமைத் தன் மூக்கை நோக்கி விரலை நீட்டச் சொல்லி, விரலுக்குப் பின்னால் எந்தக் கண் வருகிறது என்று பார்த்தார். இடது கண் வந்தது. அப்படியென்றால் இடதுதான், கண்ணு, என்றார்.

அறுபத்தெட்டு வயதில் கை மாறுவது, வலது கையால் எழுதியவர் இடது கையால் எழுதக் கற்பதுபோலத்தான். க்ளெம் சமையலறையில் பழகினார். வெற்றுத் துப்பாக்கியின் குழலுக்குள் சின்ன டார்ச் ஒன்றைச் செருகி, சுவரும் கூரையும் சேர்கிற கோட்டின் மேல் ஒளிப்பொட்டை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை ஓட்டுவார். கோட்டை விட்டு விலகாமல் ஓடினால் தோளும் கன்னமும் சரியாகப் பதிகின்றன என்று அர்த்தம். நான் காய்கறி நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். முதல் மாதங்களில் நடுங்கியது. கோடைக்குள் நேராக ஓடியது. இலையுதிர் காலத்தில் பாதி வழியில் பொட்டு கீழே தொய்ந்து, மறுபடி மேலே ஏறியது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்.

"இந்த வீடு இறங்குது வின்னி. அந்தச் சுவர் நடுவுல தொங்கிப்போச்சு பாருங்க" என்றார்.

சுவர் தொங்கவில்லை. நேர்க்கோடு வளைந்து தெரிவது அந்த நோயின் முதல் அடையாளம். கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து காட்டினேன். கட்டங்கள் நடுவில் குழிந்திருக்கின்றன என்றார். இடது கண்ணும் தொடங்கிவிட்டது. வீட்டில் குறையில்லை, கண்ணில்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். காரை டென்ஸிலின் மருமகனுக்கு விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டென்ஸில் வந்து கூட்டிப்போகத் தொடங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. க்ளெமின் கணக்கு ஏறியது. கீரையில் இருக்கும் புழு அவருக்குத் தெரியாது, சட்டைப் பொத்தான்களைத் தடவித்தான் போடுவார், ஆனால் ஞாயிறு மதியம் பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழு என்று சொல்லிக்கொண்டு வருவார். ஓரக்கண் நகர்வதை நன்றாகப் பிடிக்கும், எனவே இருக்கலாம் என்று நினைத்தேன். அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. யூனிஸ் போன பிறகு முதல் முறையாக ஒரு திட்டம் போட்டார்: மே மாதம் மாவட்டப் போட்டி, மூத்தவர் பிரிவு. பழைய துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் பதிகிற மரப்பாகம், வலது தோளுக்கு வளைந்தது. அதை வைத்துக்கொண்டு இடப்பக்கம் சுடுவது மாற்றுக் காலில் செருப்புப் போடுவதுபோல. ஆகவே இடது தோளுக்கென்றே ஒரு துப்பாக்கி, மேலும் கீழுமாக இரட்டைக் குழல் உள்ளது, வாங்கப்போவதாகச் சொன்னார். மாவட்டப் போட்டியில் கணக்குச் சொல்பவர்கள் வேற்றூர்க்காரர்கள்.

யாப் மூன்று துப்பாக்கிகளை டென்ஸிலின் நிலத்துக்கே கொண்டுவந்து சுட்டுப்பார்க்க விடுவதாக ஏற்பாடு. அன்று டென்ஸிலின் பசு கன்று போடத் திணறிக்கொண்டிருந்தது, அவரால் வண்டி எடுக்க முடியவில்லை. நான் க்ளெமைக் கூட்டிப்போனேன். அதற்கு முன் நான் அந்த இடத்துக்குப் போனதில்லை. தகரக் கொட்டகை, தேநீர்க் கெண்டி, ஈரமான நாய், ஆறேழு கிழவர்கள். சுடுகிறவர் கூண்டுபோன்ற மரச்சட்டத்துக்குள் நிற்கிறார். குழலை ஆட்கள் பக்கம் திருப்ப முடியாது. அதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

யாப் துப்பாக்கிகளை மேசையில் துணி விரித்துப் பரப்பினார். க்ளெம் ஒவ்வொன்றையும் தோட்டா போடும் இடத்தில் இரண்டாக மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றினார். யாப் எதிரே நின்று குழல்வழியாக அவர் கண்ணைப் பார்த்தார். முதலாவது கனமில்லாதது, குட்டைக் குழல். இரண்டாவது நீளமானது, கனம். சுழற்றினால் பாதியில் நிற்காமல் தன் போக்கில் போகும் என்றார் யாப். மூன்றாவது ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தது. கட்டையில் கன்னம் பதியும் பாகத்தைத் திருகாணி வைத்து உயர்த்தலாம், தாழ்த்தலாம்.

கொட்டகையிலிருந்து ஒருவர், பெண்டாட்டி தேடும்போதுகூட க்ளெம் இத்தனை யோசிக்கவில்லை என்றார். யூனிஸுக்குக் கட்டை சரியாக இருந்தது, திருகாணி தேவைப்படவில்லை என்று க்ளெம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அப்படி விளையாடிப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் துப்பாக்கியோடு கூண்டுக்குள் போனார். தட்டை வீசச் சொல்லி, "விடு" என்றார். தட்டு இடப்பக்கப் புதரிலிருந்து கிளம்பியது. சுட்டார். தட்டு முழுசாகப் பறந்துபோய்ப் பூவரும்பிய முட்புதருக்குள் விழுந்தது.

"உடைஞ்சது" என்றான் ஐவர்.

நான் தவறாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்து, அடுத்ததற்கு நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். அதுவும் முழுசாகத்தான் போனது. உடைஞ்சது. மூன்றாவது முழுசு. தப்பிச்சது. ஐவர் அதைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னான், கல்யாண வீட்டில் பரிமாறுகிறவன் பாயசத்தை அளந்து ஊற்றுவதுபோல. கொட்டகையில் நின்றவர்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து முடிந்தது. ஏழு என்றான்.

க்ளெம் துப்பாக்கியை மாற்றப் போனபோது நான் ஐவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு" என்றான். "காதுல அடைப்பான் போட்டிருக்கான், இருந்தாலும் மெதுவாப் பேசு."

"ஒன்னுகூடப் படல, ஐவர்."

"நவம்பர்லேருந்து படல. நீ போய்ச் சொல்றியா அவன்கிட்ட?"

"மே மாசம் அங்க போய் நிக்கப்போறாரே. அங்க யாரு சொல்லுவா?"

"மழை வரும். கேன்சல் ஆகும். ஏதாவது ஆகும்" என்றான். பிறகு, "அவனுக்கு வேற என்ன இருக்கு வின்னி?" என்றான்.

இது திட்டம் போட்டுச் செய்த ஏமாற்று இல்லை. எங்கள் ஆண்களுக்கு ஒருவன் முகத்துக்கு நேரே கெட்டதைச் சொல்ல வராது. ஒரு ஞாயிறு ஐவர் இரக்கப்பட்டு ஒன்றை உடைந்தது என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் இரண்டு. பிறகு திரும்பி வர வழியில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் மற்றவரிடம் அதைப் பற்றி வாய் திறந்ததில்லையாம். நோயாளியின் வீட்டில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவருக்குத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

நீளத் துப்பாக்கியோடு பத்து. ஏழு. திருகாணித் துப்பாக்கியோடு பத்து. ஐவர் கடைசித் தட்டு தரையைத் தொடுவதற்கு முன்பே சொன்னான், ஏழு என்று.

க்ளெம் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. துப்பாக்கியை மடித்துக் கையில் தொங்கவிட்டபடி நின்றார். காது அடைப்பானை இறக்கிக் கழுத்தில் விட்டார்.

"யாப், அந்தக் குட்டை எப்படிப் போச்சு தெரியுமா? எனக்கு முன்னாடி ஓடுச்சு. நிறுத்த முடியல. நீளமானது பின்னாடியே வந்துச்சு. இது ஒவ்வொரு தடவையும் கன்னத்துல இடிக்குது" என்றார். "மூணும் ஒன்னுக்கொன்னு ஒத்துவராத துப்பாக்கி. மூணுலயும் ஏழா?"

யாப் துணியை மடிக்க ஆரம்பித்தார். "சில நாள் அப்படி அமையும், கண்ணு."

"அமையாது. நாப்பது வருஷமா சுடுறேன். எனக்கு ஒரே துப்பாக்கியிலயே ரெண்டு நாள் ஒரே மாதிரி வந்ததில்ல." தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் எங்களைத் தேடினார். "டேய் ஐவர்."

ஐவர் முழங்காலைத் தடவிக்கொண்டான். நாய் எழுந்து உதறிக்கொண்டது.

அவர் டென்ஸிலைக் கூப்பிடவில்லை. டென்ஸில் கன்றைப் பார்க்கிற சாக்கில் வரவேயில்லை. என் கோட்டு பச்சை, அது அவருக்கு ஓரத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வின்னி, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"ஒன்னும் இல்ல க்ளெம்."

"எதுல?"

"மூணுலயும்."

சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றேன். கெட்ட செய்தியைச் சொன்னவர் உடனே நகரக்கூடாது. அது வேலையில் முதலில் கற்றது. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் குழலின் மேல் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நீளத் துப்பாக்கியைக் கேட்டார். யாப் கொண்டுபோய்க் கொடுத்தார். பையில் இன்னும் தோட்டா இருக்கிறது, இந்த முறை வின்னி சொல்லட்டும் என்றார் க்ளெம். ஐவரின் பக்கம் திரும்பவேயில்லை.

நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். விடு என்றார். தப்பிச்சது என்றேன். விடு. தப்பிச்சது. எங்கே போனது என்றும் கேட்டார். முன்னால் போனதா, கீழேயா என்று. எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் அதற்கேற்பத் தோளைத் திருத்திக்கொண்டார். மழைத் தூறலில் அந்த மனிதர் ஒரு வேலையைச் செய்வதுபோல ஒழுங்காகச் சுட்டார். எல்லாம் தப்பிப் போயின.

ஆறாவதோ ஏழாவதோ, தட்டு மரங்களுக்கு மேலே ஏறி, வளைந்து இறங்கத் தொடங்கியது. சுட்டார். தட்டு தூளாகிப் போனது. கறுப்புப் புகைபோல ஒரு பொட்டு, பிறகு ஒன்றுமில்லை. சில்லுகூட மிஞ்சவில்லை, நடு மையத்தில் பட்டிருக்க வேண்டும்.

"உடைஞ்சது" என்றேன்.

பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். க்ளெம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்ததை நான் முன்பு பார்த்திருக்கிறேன்: வலி குறைகிறதா என்று கேட்டு, ஆமாம் என்று நாம் சொன்னதை நம்பலாமா என்று யோசிப்பவர்களின் முகம்.

"நீங்களுமா, வின்னி" என்றார்.

"நிஜமாவே உடைஞ்சது. தூளாப் போச்சு."

"நிஜமாத்தான் க்ளெம்" என்று ஐவர் நாற்காலியைவிட்டு எழுந்தே சொன்னான். "எங்கம்மா மேல சத்தியமா." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லாரும் ஒன்றாகப் பேசியதால் இன்னும் மோசமாகப் போயிற்று.

அவர் துப்பாக்கியை மடித்தார். சுடாத தோட்டாவை எடுத்துப் பையில் போட்டார். யாப்பிடம் கொடுத்து, நல்ல துப்பாக்கி, யாருக்காவது உபயோகப்படும், வீணாக இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டேன் என்றார். எல்லாருக்கும் பொதுவாக நன்றி சொன்னார். நான் கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிவந்தேன். வழியில் புல்லில் முழுத் தட்டுகள் கிடந்தன. ஒன்று அவர் காலில் தட்டுப்பட்டது. குனிந்து எடுத்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பக் கீழே வைத்தார்.

வண்டியில் ஏறி, பண்ணை வாசலைத் தாண்டிய பிறகுதான் பேசினார். குறி தப்பியது ஒரு விஷயமில்லை என்றார். கண் போனால் தப்பும். அவரை அரித்தது வேறு: யூனிஸ் படுத்திருந்த வருடம் அவர் தட்டு சுடும் போட்டியில் ஹோப்லி கோப்பையை வென்றிருந்தார். ஒரு வாரம் முழுக்க அவளிடம் அந்தக் கதையைச் சொல்லி, தட்டு தட்டாக நடித்துக் காட்டி, அவள் சிரித்ததை நானும் கேட்டிருக்கிறேன்.

"அன்னைக்கும் ஐவர்தான் கணக்கு" என்றார்.

"அப்ப உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு க்ளெம். உடைஞ்சத நீங்களே பாத்திருப்பீங்களே."

"பாத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

கட்டில் விரிப்பை மாற்றுவதுபோல அந்தச் சந்தேகத்தை மாற்றிக்கொடுக்க முடியாது.

பழைய துப்பாக்கியை யாப் வந்து எடுத்துப்போனார். உரிமத்தை க்ளெமே திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிறு டென்ஸில் வந்து ஹாரன் அடித்தார். க்ளெம் சன்னலருகே வந்து கையசைத்து, இன்றைக்கு வேண்டாம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. டென்ஸில் நல்லவர், வசந்தம் முடியும்வரை வந்தார். பிறகு வரவில்லை. க்ளெம் யாரிடமும் மனத்தாங்கல் காட்டவில்லை. தெருவில் பார்த்தால் பேசுவார், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார், என்னை எழுதச் சொல்லி.

ஐவர் மட்டும் விடவில்லை. ஒரு ஜூன் மாதப் பிற்பகல், முழங்காலை இழுத்துக்கொண்டு, ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு வந்தான். நான் அன்று சன்னல் திரைகளைத் துவைக்க வந்திருந்தேன். க்ளெம் மரியாதையாக உட்காரச் சொன்னார். தேநீர் போட்டேன். ஐவர் முதலில் கோப்பையைப் பற்றிப் பேசினான். அந்த வருடம் ஒவ்வொரு தட்டும் நேர்மையாக உடைந்தது என்று, எந்தக் கூண்டில் எது எப்படி வந்தது என்பதுவரை ஞாபகமாகச் சொன்னான். பொய் சொல்பவனுக்கு அத்தனை ஞாபகம் வராது. க்ளெம் முழுவதையும் கேட்டார்.

"அப்படியா. சொன்னதுக்கு நன்றி ஐவர்" என்றார்.

பிறகு இருவரும் ஸ்ட்ராபெரியைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருடம் புளிப்பு என்றார்கள். க்ளெம் கால்களை நீட்டிக்கொண்டு, சாயங்காலம் தோட்டத்தில் உட்காரலாம் என்று பார்க்கிறேன், வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"அருமையா இருக்குடா" என்றான் ஐவர். "ஒரு மேகம் இல்ல."

க்ளெம் தலையை என் பக்கம் திருப்பினார்.

"வின்னி, மழை வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல, நல்ல வெயில்" என்றேன்.

ஐவர் கப்பைத் தட்டின் மேல் வைத்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனான்.